‘தி குவீன் ஆஃப் நத்திங்’ அவசரமாக முடிகிறதா? அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது?

ஹாலி பிளாக்கின் ‘தி ஃபோக் ஆஃப் தி ஏர்’ நாவல் வரிசையின் மூன்று புத்தகங்களையும் (கடைசியதுதான் ‘தி குவீன் ஆஃப் நத்திங்’) ஒரே மூச்சில் படித்து முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “முதல் இரண்டையும் கீழே வைக்க மனம் வரவில்லை. மூன்றாவது சட்டென்று முடிந்துவிட்டது. கார்டன் திடீரென்று பாம்பாக மாறுவது எங்கிருந்து வந்தது? நாடுகடத்தல் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துபோவது வாசகரை ஏமாற்றுவதில்லையா? என் தங்கைக்குப் பதினொரு வயது, அவளுக்குக் கொடுக்கலாமா? இனி என்ன படிப்பது?”

நீங்கள் முடித்துவிட்டதால் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், முடிவு முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. இந்தக் கதையின் ஃபேரிகளைத் ‘தேவதை’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. தேவதை என்றதும் நமக்கு இறக்கையும் மந்திரக்கோலும்தான் கண்ணில் வரும். மோகினி, யட்சி என்றால் ஓரளவு நெருங்கலாம். அழகு, ஆபத்து, ராத்திரியில் வழி மறிப்பது எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அரசவை, வாரிசுச் சண்டை, வாக்குச் சட்டம் இதெல்லாம் மோகினிக்குக் கிடையாது. ஆகவே ஃபேரி என்றே எழுதுகிறேன். கார்டன் என்று எழுதும்போது தோட்டம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

நாடுகடத்தலிலிருந்து தொடங்குகிறேன். பாம்புக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

முதல் புத்தகத்தின் கடைசியில் கதையின் நாயகி, ஃபேரிகளிடையே வளர்ந்த மனிதப் பெண் ஜூட் என்ன செய்தாள் என்று நினைத்துப் பாருங்கள். பொய் சொல்லவே முடியாத ஃபேரி இளவரசன் கார்டனிடம் ஒரு வாக்கு வாங்குகிறாள்: ஓராண்டும் ஒரு நாளும் நான் சொன்னபடி நீ கேட்க வேண்டும். வாங்கிய கையோடு, அரசனாக விரும்பாத அவன் தலையிலேயே மகுடம் ஏறும்படி செய்துவிடுகிறாள். ‘ஓராண்டும் ஒரு நாளும்’ என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று போட்ட கணக்கு அல்ல. பழைய ஆங்கிலச் சட்டத்தில் வாழ்ந்த கணக்கு அது. அடிபட்டவர் ஓராண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால் அடித்தவர்மேல் கொலைக் குற்றம் சுமத்த முடியாது என்று ஒரு விதி இருந்தது. இங்கிலாந்தில் அதை முறையாக நீக்கியதே 1996இல்தான். ஃபேரி உலகம் கனவுலகம் போலத் தோன்றினாலும் உள்ளுக்குள் அது பத்திரப்பதிவு அலுவலகம். எழுத்தில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் செல்லும்.

இரண்டாம் புத்தகம் ‘தி விக்கட் கிங்’. இருவரும் யாருக்கும் தெரியாமல் மணம் செய்துகொள்கிறார்கள், ஜூட் அவனை வாக்கிலிருந்து விடுவிக்கிறாள். அடுத்து, கார்டனின் அண்ணன் பேல்கினைக் கொன்றதற்காக அவளை மனித உலகத்துக்கு விரட்டுகிறான். விரட்டும்போது அவன் விதிக்கும் கெடு, மகுடம் அவளை மன்னிக்கும்வரை. நான் மன்னிக்கும்வரை என்றோ அரசன் மன்னிக்கும்வரை என்றோ அவன் சொல்லவில்லை. மகுடம் என்றான். அந்த நேரத்தில் மகுடத்தில் அவளுக்கும் பங்கு உண்டு, அவள் ராணி. மறுநாள் காலையிலேயே தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். மூன்றாம் புத்தகத்தில் அவனே இதைச் சொல்லும்போது அவள் வாயடைத்துப் போகிறாள்.

இது ஏமாற்று வேலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரணியன் வாங்கிய வரத்தில் பகலும் இல்லை இரவும் இல்லை என்று ஒரு சந்து இருந்ததே, அதுபோல வாக்கியத்துக்குள்ளேயே பிளாக் வழி வைத்திருக்கிறார். இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலேயே அது அச்சாகியிருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள் ஜூட். ஒருவன் வார்த்தையைக் கொண்டே அவனைக் கட்டிப்போட்டவள், தன்மேல் வீசப்பட்ட வார்த்தையைப் பிரித்துப் பார்க்கவில்லை. காரணம், அவமானம். எல்லார் முன்னாலும் தள்ளிவிட்டானே என்ற எரிச்சலில் சொல் காதில் விழவில்லை. மனுஷி, அவ்வளவுதான். அவன் கடிதமும் அனுப்பியிருக்கிறான். அவன் தாய் லேடி ஆஷா இடையில் மறித்ததால் ஒன்றுகூட அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. ஜூட் தன்னை ராணி என்று நம்புவதற்கு முன்பே நிலம் நம்பிவிடுகிறது. வளர்ப்புத் தந்தை மேடாக்கின் வாள் பட்டு, பனியில் இரத்தம் சிந்திக் கிடக்கும்போது மண்ணே அவள் காயத்தை ஆற்றுகிறது. அது நடக்க வேண்டுமானால் அவள் அந்த மண்ணின் அரசியாக இருக்க வேண்டும். அவள் பதவிக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

சரி, பாம்பு.

“திடீரென்று” என்கிறீர்கள். மூன்றாம் புத்தகத்தின் முன்கதைப் பகுதியை மட்டும் மறுபடி புரட்டுங்கள். கார்டன் பிறந்தபோது அரண்மனை சோதிடன் சொன்னது அங்கே இருக்கிறது: மகுடத்துக்கு அழிவும் அரியணைக்கு நாசமும் இவனால் வரும், இவன் சிந்தும் இரத்தத்திலிருந்துதான் ஒரு பெரிய ஆட்சியாளர் எழ முடியும். மூன்றும் நடக்கின்றன. அரியணை பிளக்கிறது. மகுடத்தை அவனே இரண்டாக உடைக்கிறான். அப்புறம் இரத்தம். இந்தச் சோதிடத்தைக் கேட்டுத்தான் அந்தக் குழந்தையை யாரும் சீராட்டாமல் விட்டார்கள், அதனால்தான் அவன் அப்படி ஒரு கொடியவனாக வளர்ந்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மகுடத்தைச் செய்த கொல்லன் கிரிம்சென் அதில் சாபத்தையும் சேர்த்தே அடித்து வைத்திருக்கிறான்.

ஆனால் ஏன் பாம்பு? ஏன் தலையை வெட்டினால் அவன் திரும்பி வருகிறான்? இதற்குப் பதில் சொல்ல நாவலை விட்டு வெளியே போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் செல்கர்க் ஊருக்குப் பக்கத்தில் கார்ட்டர்ஹா என்று ஒரு காடு. அங்கே நடப்பதாக ஒரு கதைப்பாடல் உண்டு, பெயர் ‘டாம் லின்’. 1549இல் அச்சான ஒரு ஸ்காட்டிய நூலிலேயே இதன் பெயர் வருகிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தந்த வடிவம் 1796இல் வெளிவந்தது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த பெருந்தொகுப்பில் இது 39ஆம் எண். கதை சுருக்கமாக இது: டாம் லின் ஒரு மனிதன், ஃபேரி ராணியிடம் அகப்பட்டவன். ஏழு ஆண்டுக்கு ஒரு முறை ஃபேரிகள் நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும், இந்த முறை பலி தானாகிவிடுவோமோ என்று பயப்படுகிறான். அவன் குழந்தையைச் சுமக்கும் ஜேனட் என்ற பெண் ஹாலோவீன் இரவில் வழியில் காத்திருந்து, குதிரையிலிருந்து அவனை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பிடிக்குள்ளேயே அவனைப் பாம்பாக்குவார்கள், கரடியாக்குவார்கள், சிங்கமாக்குவார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பாக்குவார்கள். எதுவானாலும் கையை விடக் கூடாது. கடைசியில் எரியும் கங்காக மாறும்போது தண்ணீரில் எறிய வேண்டும். நிர்வாணமாக ஓர் ஆண் எழுந்து வருவான், பச்சைப் போர்வையால் மூடி அவனைக் காப்பாற்ற வேண்டும்.

பாம்பின் உடலுக்குள்ளிருந்து கார்டன் எப்படி வெளியே வந்தான் என்று இப்போது நினைத்துப் பாருங்கள். உடம்பில் இரத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல்.

பிளாக்குக்கு இந்தப் பாடலோடு பழைய பழக்கம். 2002இல் வந்த அவருடைய முதல் நாவலின் பெயரே ‘டைத்’, அதாவது கப்பம். பதினேழு ஆண்டு கழித்து அதே பாடலுக்குத் திரும்பி வந்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார் என்பது என் வாசிப்பு. பாடலில் ஜேனட்டுக்கு வைக்கும் பரீட்சை, பிடியை விடாமல் இருப்பது. ஜூட்டின் நோயோ பிடியை விடத் தெரியாதது. முதல் புத்தகத்தில் கார்டனை வாக்கால் பிடித்து வைத்தாள். மூன்றாவதில் அவன் பாம்பாகிக் கிடக்கும்போது எதிரிகள் அவளிடம் ஒரு மந்திரக் கடிவாளத்தை நீட்டுகிறார்கள். மாட்டிவிட்டால் பாம்பு சொன்னபடி கேட்கும், அவள் அரியணையையும் யாரும் அசைக்க முடியாது. முதல் புத்தகத்து ஜூட் யோசித்தே இருக்க மாட்டாள், மாட்டியிருப்பாள். இப்போது அவள் வாளை எடுக்கிறாள். அவன் செத்துப்போவான் என்று நினைத்துத்தான் வெட்டுகிறாள். தன் கைப்பிடியில் ஒரு மிருகமாக அவன் இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று முடிவு செய்கிறாள். அந்த முடிவுதான் சாபத்தை உடைக்கிறது.

தலையை வெட்டினால் சாப விமோசனம் கிடைப்பதும் ஐரோப்பியக் கதைகளில் பழைய சரக்குதான். பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தோல்னுவாவின் வெள்ளைப் பூனைக் கதையில், பூனையே இளவரசனிடம் தன் தலையையும் வாலையும் வெட்டி நெருப்பில் போடச் சொல்லும். கிரிம் சகோதரர்கள் தொகுத்த தங்கப் பறவைக் கதையில் ஒரு நரி அப்படிக் கெஞ்சும். நாட்டார் கதைக்கூறுகளைப் பட்டியலிடும் ஆய்வாளர்கள் இதற்கென்று டி711 என்று எண்ணே கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளிலெல்லாம் விலங்கே “வெட்டு” என்று சொல்லிவிடும். ஜூட்டுக்கு யாரும் சொல்லவில்லை, அவள் காட்சி கனமாக இருப்பது அதனால்தான்.

இன்னொரு பாடலையும் சொல்லிவிடுகிறேன். தாமஸ் தி ரைமர், சைல்ட் தொகுப்பில் 37. ஃபேரி நாட்டு ராணி தாமஸுக்குப் பொய்யே பேசாத நாக்கை வரமாகத் தருகிறாள். அவனோ, ஐயோ, இதை வைத்துக்கொண்டு நான் சந்தையில் எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்று புலம்புகிறான். அந்தப் புலம்பலைத் திருப்பிப் போட்டால் ஜூட். பொய் பேச முடியாதவர்கள் ஊரில் பொய் பேசத் தெரிந்த ஒரே வியாபாரி. மூன்றாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே தன் இரட்டைச் சகோதரி டாரினாக வேடமிட்டு விசாரணையில் பொய் சொல்லப் போகிறாளே, அங்கே அவளைக் காப்பது முதல் புத்தகத்தில் இளவரசன் டெய்ன் கொடுத்த பழைய காப்பு. மயக்கு மந்திரம் அவள்மேல் பலிக்காது.

இவ்வளவு வக்காலத்து வாங்கினாலும் உங்கள் குறையில் பாதி நியாயம்தான். புத்தகம் சின்னது, ஏறக்குறைய 300 பக்கம். முதல் புத்தகத்தைவிட நன்றாகவே மெலிவு. 2020 ஜனவரியில் வர வேண்டியதைப் பதிப்பகம் முன்னுக்கு இழுத்து 2019 நவம்பர் 19இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரி 8இல்தான் இரண்டாவது வந்திருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு. எழுத்து அவசரமா, வெளியீட்டு அவசரமா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பாம்பு, பேச்சுவார்த்தை, போர், தீர்ப்பு, முடிசூட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. பாம்பு இன்னும் நாற்பது பக்கம் ஃபேரி நாடான எல்ஃப்ஹேமில் திரிந்திருக்க வேண்டும். அது ஊர்ந்த இடமெல்லாம் நிலம் கருகுகிறது, மக்கள் என்ன செய்தார்கள், ஒரு மனிதப் பெண் தனியாக ஆள்வதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? எனக்கு அந்த நாட்கள் வேண்டும்.

கடல் நாட்டைப் பாருங்கள். இரண்டாம் புத்தகத்தில் அவ்வளவு மிரட்டிய கடல் ராணி ஓர்லா இதில் அடிபட்டுப் படுத்துவிடுகிறாள், மகள் நிகாசியா வந்து உதவி கேட்கிறாள், அத்தோடு சரி. டாரின் விஷயமும் எனக்கு உறுத்தல். கணவன் லாக்கைக் கொன்றுவிட்டு அக்காள் தங்கை பாசத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், ஜூட் ஏற்றுக்கொள்கிறாள். லாக் செத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரட்டையருக்குள் முதல் புத்தகத்திலிருந்தே கிடக்கும் துரோகக் கணக்கைப் புத்தகம் போதுமான அளவு நேராகத் தொடவில்லை.

மேடாக்கைப் பற்றி மட்டும் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவனுக்கு மரண தண்டனை தந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவன் ஒரு ரெட்கேப். அந்த இனம் பிளாக்கின் கற்பனையல்ல. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் இடிந்த கோட்டைகளில் உலாவும் பேயாக வில்லியம் ஹெண்டர்சன் 1866இல் எழுதி வைத்திருக்கிறார்: குட்டையான கிழவன், நீண்ட பல், கழுகு நகம், கையில் ஈட்டி, கொன்றவர் இரத்தத்தில் தோய்த்த சிவப்புத் தொப்பி. காலில் இரும்புப் பூட்ஸ் வேறு, ஃபேரிகளுக்கு இரும்பு ஆகாது என்ற கதையெல்லாம் அவனிடம் செல்லாது போலிருக்கிறது. பிளாக் அந்தப் பேயை எடுத்து ஒரு வீட்டுக்குத் தலைவனாக்கினார். ஜூட்டின் ஏழு வயதில் அவள் கண் முன்னால் பெற்றோரை வெட்டியவன், அவனே எடுத்து வளர்த்தவன், வாளும் சூழ்ச்சியும் கற்றுக் கொடுத்தவன். அவளுக்கு அவன்மேல் வெறுப்பும் உண்டு, அப்பா என்ற ஒட்டுதலும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு இனி ஆயுதம் தொடக் கூடாது, மனித உலகத்தில் போய் இரு என்று தீர்ப்பு. போரே மூச்சாக இருந்த ஒருவனுக்கு இது சாவைவிடச் சின்ன தண்டனையா? எனக்கு அப்படித் தெரியவில்லை. தன்னை எந்த உலகத்திலிருந்து அவன் பிடுங்கி வந்தானோ அந்த உலகத்துக்கே அவனை அனுப்புகிறாள், ஒருகாலத்தில் தன்மேல் விழுந்த அதே தண்டனையோடு.

தங்கைக்குப் பதினொன்று என்றால் இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கச் சொல்வேன். தொடக்கப் பக்கங்களிலேயே கொலை. பள்ளியில் நடக்கும் கொடுமை, விஷத்தைச் சிறிது சிறிதாகத் தானே குடித்துப் பழகும் ஜூட், மூன்றாவதில் படுக்கையறைக் காட்சியும் உண்டு, விலாவாரியாக இல்லை என்றாலும். அதுவரை ஹாலி பிளாக்கும் ஓவியர் டோனி டிடெர்லிஸியும் 2003இல் தொடங்கிய ‘ஸ்பைடர்விக் கிரானிக்கிள்ஸ்’ அவளுக்குப் பொருத்தம்.

உங்களுக்கு: ‘இறுதிப் புத்தகம்’ என்றாலும் எல்ஃப்ஹேம் முடியவில்லை. கார்டனின் பக்கத்திலிருந்து சொல்லும் மெல்லிய படப் புத்தகம் 2020இல் வந்தது, ரொவினா காய் வரைந்த படங்களுக்காகவே வாங்கலாம். வளர்ந்துவிட்ட ஜூட்டின் தம்பி ஓக்கும், பனி நாட்டுச் சிறுமி சுரெனும் வரும் இரண்டு நாவல்கள் 2023, 2024இல் வந்தன. ‘தி ஸ்டோலன் ஏர்’ முதலில், அடுத்து ‘தி பிரிசனர்ஸ் த்ரோன்’. மாற்றிப் படித்தால் எல்லாம் கெட்டது. ‘டைத்’தையும் எடுங்கள். எழுத்து கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் எல்ஃப்ஹேம் கதையில் எட்டிப் பார்த்த ராய்பென் அங்கேதான் பிறந்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி ‘டாம் லின்’ படித்துவிடுங்கள். சைல்ட் தொகுப்பின் 39ஏ வடிவம் போதும், பழைய ஸ்காட்ஸ் மொழி, வாய்விட்டுப் படித்தால் புரியும். படித்த கையோடு கடிவாளக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். பாம்பு அவசரமாக வந்ததா இல்லையா என்று அப்போது எனக்குச் சொல்லுங்கள்.